டி. வி. சுந்தரம் ஐயங்கார்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை திருமங்கலம், திருவில்லிபுத்தூர், இராசபாளையம், புளியங்குடி முதலிய ஊர்களைக் கடந்து கடையநல்லூரை அடைகிறது. மேற்கே வானளாவிய மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் குளங்களும் வயல்களும். ஊருக்குள்ளே கடைகள் நிறைந்த தெருக்கள். இத்தெருக்களில் இன்று மோட்டார் சைக்கிள் ஓடாத நாழிகை இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தந்தையும், காய்கறி மூட்டையைக் கடைக்குக் கொண்டு செல்லும் வணிகரும், பணிக்கு விரையும் இளைஞரும் அதிலேயே செல்கின்றனர். அவர்களுடைய உயிரைத் தாங்கிச் செல்வது எது? விரைந்து சுழலும் எஞ்சினா? ஒளி வீசும் விளக்கா? இரண்டும் அல்ல. தரையைத் தொட்டு உருளும் இரண்டு டயர்களே அவ்வுயிரைத் தாங்குகின்றன. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் தரையைத் தொடுகிறது. அந்த உள்ளங்கை அளவு இரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால், வண்டியின் பிற உறுப்புகள் எல்லாம் சிறந்திருந்தும் பயனில்லை.

தரையைத் தொடும் உறுப்பைக் காப்பதே பயணியைக் காப்பதாகும். இவ்வுண்மையைத் தம் தொழிலின் அடிப்படையாகக் கொண்டு, தமிழ்நாட்டுச் சாலைப் போக்குவரத்தை வளர்த்தவர் ஒருவர் முற்காலத்துத் திருநெல்வேலி மாவட்டத்திலேயே தோன்றினார். அவரே டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்தால் நாடறிந்த திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார் ஆவார்.

மகேந்திரகிரி மலையின் சாரலில் அமைந்தது திருக்குறுங்குடி. ஆழ்வார்கள் பாடிய நம்பி கோயிலால் பெருமை பெற்றது அவ்வூர். அங்கே 1877ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் சுந்தரம் பிறந்தார். மகன் வழக்கறிஞனாக விளங்கவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அவ்விருப்பத்தின்படியே அவர் முதலில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பின்னர் இரயில்வேயில் பணியாற்றினார். வங்கியிலும் வேலை பார்த்தார். அக்காலத்தில் இத்தகைய வேலை கிடைப்பது அரிது. மாதந்தோறும் தவறாது ஊதியம் வரும், ஊரார் மதிப்பர், கவலையின்றி வாழலாம். ஆயினும் அவருடைய உள்ளம் அவ்வாழ்வில் அமைதி கொள்ளவில்லை. பிறர் அமைத்த பாதையில் நடப்பதினும் தாமே ஒரு பாதை அமைக்க வேண்டும் என்னும் வேட்கை அவரிடம் மிகுந்தது. ஆகவே, நிலையான வேலையைத் துறந்து, 1911ஆம் ஆண்டில் சொந்தத் தொழில் தொடங்கினார். மதுரை அவருடைய தொழிலுக்கு இருப்பிடமாயிற்று.

அவர் தேர்ந்துகொண்டது மோட்டார்ப் போக்குவரத்துத் தொழில். அந்நாளில் மோட்டார் வண்டி என்பது மக்கள் வியந்து நோக்கும் புதுமைப் பொருள். செல்வர் சிலரே அதனை வைத்திருந்தனர். ஏழை எளியவரும் கட்டணம் செலுத்தி ஏறிச் செல்லும் பேருந்தைச் சிற்றூர்ச் சாலையில் ஓட்டலாம் என எண்ணியவர் மிகச் சிலர். அவ்வாறு எண்ணியதோடு நில்லாமல் செய்தும் காட்டியவர்களுள் முன்னணியில் நின்றவர் சுந்தரம் ஐயங்கார்.

அத்தொழிலின் அருமையை அறியவேண்டுமானால் அக்காலச் சாலைகளின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தார் பூசிய சாலைகள் அரியன. சரளைக் கற்களும் செம்மண்ணும் இட்ட பாதைகளே எங்கும் கிடந்தன. இரும்புப் பட்டை அடித்த மாட்டு வண்டிச் சக்கரங்கள் அவற்றை உழுதுவிடும். கோடையில் புழுதி, மழையில் சேறு. இவற்றின்மேல் ஓடவேண்டிய பேருந்துக்கு அடியில் இருந்தது காற்றடைத்த டயர். அந்த டயரும் அன்று உலகிற்குப் புதியதே.

இரப்பர் மரத்தின் பால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்லசு குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே இராபர்ட்டு வில்லியம் தாம்சன் என்பவர் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது வழக்கில் நிலைபெறவில்லை. பெல்பாசுட்டு நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் என்பார், தம் சிறு மகனின் மூன்று சக்கர மிதிவண்டி கல் பாவிய தெருவில் அதிராமல் ஓடவேண்டும் என்பதற்காகக் காற்றடைத்த டயரை மீண்டும் ஆக்கினார். அதற்கு 1888இல் காப்புரிமையும் பெற்றார். 1885இல் செருமனியில் டைம்லர் என்பவர் அமைத்த முதல் மோட்டார் சைக்கிள் மரச் சக்கரங்களிலேயே ஓடியது. மகனிடம் கொண்ட அன்பால் ஒரு மருத்துவர் அடைத்த காற்று உலகத்தின் சுமையைத் தாங்கும் வலிமை பெற்றது.

காற்றடைத்த டயர் பயணத்தை மென்மையாக்கியது; ஆனால் ஒரு சிறு முள்ளும் ஆணியும் அதற்குப் பகையாயின. நம் நாட்டுச் சாலைகளில் மாடுகளும் குதிரைகளும் இலாடம் அணிந்து நடந்தன. இலாடங்களிலிருந்து கழன்ற ஆணிகள் பாதையெங்கும் கிடந்தன. அவற்றுள் ஒன்று ஏறினால் டயர் பஞ்சராகும், பேருந்து நின்றுவிடும், உள்ளே அமர்ந்தோர் வெயிலில் வாடுவர். சந்தைக்குச் செல்வோன் சந்தையை இழப்பான். மருத்துவரை நாடிச் செல்வோன் உயிரையும் இழக்கக்கூடும். இத்துன்பத்தைக் களையச் சுந்தரம் ஐயங்கார் ஒரு வழி கண்டார் என்பர். வலிமை வாய்ந்த காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி, கிடக்கும் ஆணிகளை எல்லாம் ஈர்த்து எடுக்கச் செய்தார் என்னும் செய்தி இன்றும் வழங்குகிறது. ஆணி தைத்தபின் வருந்துவது பலருடைய இயல்பு. தைக்குமுன் அதனை அகற்றுவதே அறிவுடையார் செயல்.

அவருடைய பேருந்துகள் காலந்தவறாமைக்குப் பெயர் பெற்றன. பேருந்து வருவதைக் கண்டு மக்கள் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்று மதுரைப் பக்கத்துப் பெரியோர் கூறுவதுண்டு. காலந்தவறாமை என்பது ஓட்டுநரின் விரைவினால் மட்டும் வருவதன்று. புறப்படுமுன்பே வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் செம்மையாக இருத்தல் வேண்டும். எண்ணெய் குறைந்த எஞ்சினும், தேய்ந்த டயரும், தளர்ந்த பிரேக்கும் உடைய வண்டியில் எத்துணைத் திறமை வாய்ந்த ஓட்டுநர் அமர்ந்தாலும் காலத்தில் ஊர் சேரமுடியாது. எனவே காலந்தவறாமை என்னும் புகழ் உண்மையில் பராமரிப்பின் புகழே ஆகும்.

தொழில் நாளடைவில் வளர்ந்தது. பேருந்துகளோடு சரக்கு லாரிகளும் ஓடின. மோட்டார் வண்டிகளையும் அவற்றின் உதிரி உறுப்புகளையும் விற்கும் நிறுவனங்கள் தோன்றின. சதர்ன் ரோடுவேசு, சுந்தரம் மோட்டார்சு, மதராசு ஆட்டோ சர்வீசு என்பன அவற்றுட் சில. வண்டியை விற்பதோடு வணிகரின் கடமை முடிவதில்லை. உறுப்பு ஒன்று தேய்ந்தால் அதற்குரிய மாற்று உறுப்பும் உரிய இடத்தில், உரிய காலத்தில் கிடைத்தல் வேண்டும். அவ்வாறு கிடைக்கச் செய்ததனால்தான் மக்கள் அந்நிறுவனத்தின்மீது நம்பிக்கை கொண்டனர்.

இந்நிலையில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அது சுந்தரம் ஐயங்காரின் உறுதியைச் சோதித்தது. பெட்ரோல் படைகளுக்குத் தேவைப்பட்டமையால் பொதுமக்களுக்குக் கிடைப்பது அருகியது. எரிபொருள் இன்மையால் நாடெங்கும் வண்டிகள் நின்றன. அவரோ கரியைக் கொண்டு வாயு உண்டாக்கி, அவ்வாயுவால் எஞ்சினை ஓட்டும் கருவியை உருவாக்கினார். அது டி. வி. எஸ். வாயுக் கருவி என வழங்கிற்று. கரி வாயுவால் ஓடும் வண்டிக்கு வேகமும் இழுவையும் சற்றுக் குறைவே. ஆயினும், ஓடாத வண்டியினும் மெல்ல ஓடும் வண்டி சிறந்ததன்றோ?

எரிபொருளுக்கு மாற்று உண்டு. இரப்பருக்கு மாற்று ஏது? 1942ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் சப்பானியர் கைப்பட்டன. உலகத்திற்கு இரப்பர் அளித்துவந்த பெருந்தோட்டங்கள் பல அவற்றோடு போயின. எஞ்சியிருந்த இரப்பரும் போர்த் தேவைக்கே முதலில் சென்றது. கடையநல்லூருக்கு மேற்கே, செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் புனலூர்ப் பக்கத்தில் இரப்பர்த் தோட்டங்கள் உண்டு. மலைக்கு அப்பால் மரம் இருந்தும், மலைக்கு இப்பால் ஒரு புது டயர் பெறுவது அரிதாயிற்று.

பேருந்தின் டயரில் முதலில் தேய்வது தரையைத் தொடும் மேற்பகுதியே. அதற்கு அடியில் நூலிழைகளாலும் இரப்பராலும் அமைந்த உடற்பகுதி மேலும் பல காலம் உழைக்கும் வலிமையோடு இருக்கும். மேற்பகுதி தேய்ந்தது என்று முழு டயரையும் எறிவது, அடித்தோல் தேய்ந்தது என்று நல்ல செருப்பை எறிவது போன்றதாகும். தேய்ந்த பரப்பைச் சுரண்டிச் சமப்படுத்தி, இரப்பர்ப் பசை பூசி, புதிய இரப்பர்ப் பட்டையைச் சுற்றி, அச்சுக்குள் வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்தால், பழைய உடலும் புதிய பட்டையும் ஒன்றாகிவிடும். இதனையே ரீட்ரேடிங் என்பர். இத்தொழிலுக்கெனச் சுந்தரம் ஐயங்கார் ஒரு தொழிற்சாலை நிறுவினார்.

இத்தொழிலில் கைத்திறத்தினும் முதன்மையானது தேர்ந்தெடுக்கும் அறிவு. எல்லாப் பழைய டயர்களுக்கும் புதுப்பட்டை இடலாகாது. உள்ளிழை அறுந்ததும், பக்கம் வெடித்ததும், காற்றுக் குறைவாக ஓடி உட்புறம் நைந்ததும் ஆகிய டயரைப் புதுப்பட்டை மறைக்கலாம், காப்பாற்றாது. மேலே புதுமை தோன்றும். உள்ளே அழிவு இருக்கும். அத்தகைய டயரை ஒதுக்கும் நேர்மை உடையவனே அத்தொழிலுக்கு உரியவன். ஏனெனில், அந்த டயரின்மேல் ஏறிச் செல்லும் பயணி அதனைப் பார்ப்பதில்லை. தொழில் நடத்துவோரின் நேர்மையை நம்பியே ஏறுகிறான்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். பேருந்து, லாரி ஆகியவற்றின் டயர்கள் தடித்த உடல் உடையன. நான்கோ ஆறோ சக்கரங்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். மோட்டார் சைக்கிளோ இரண்டு சக்கரங்களில் நிற்பது. வளைவில் சாய்ந்து ஓடுவது. அதன் டயர் மெல்லியது. பேருந்துக்குச் சிக்கனமாவது மோட்டார் சைக்கிளுக்குத் தீங்காகலாம். ஆகவே, தேய்ந்த மோட்டார் சைக்கிள் டயருக்குப் பட்டை இடுதலும், வழுக்கையான டயரில் கத்தியால் பள்ளம் கீறுதலும் தவிர்க்கத்தக்கன. புதிய டயரை மாற்றுவதே அங்கே உண்மையான சிக்கனம்.

சுந்தரம் ஐயங்கார் தம் குடும்ப வாழ்விலும் காலத்தோடு முன்னேறியவர். இளமையிலேயே கணவரை இழந்த அவர் மகளார் சௌந்தரம், தில்லியில் மருத்துவக் கல்வி பயின்று 1936இல் மருத்துவரானார். கைம்பெண்களை மூலையில் அமர்த்திய காலத்தில் இது அரிய செயல். அவ்வம்மையாரே பின்னர், 1947ஆம் ஆண்டில், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியில் காந்திகிராமம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். புதல்வர்களோ தந்தையாரின் தொழிலில் ஈடுபட்டு, அதனைப் பல கிளைகளாகத் தழைக்கச் செய்தனர்.

1955ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 28ஆம் நாள் சுந்தரம் ஐயங்கார் கோடைக்கானலில் மறைந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் மோட்டார் சைக்கிள் உருவாக்கும் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. பேருந்தை மக்களுக்கு உரியதாக்கியவர் மறைந்த ஆண்டிலேயே, பின்னாளில் வீட்டுக்கு வீடு நிற்கப்போகும் வண்டிக்கு வித்து இடப்பட்டது.

அவர் மறைந்தபின் அவர்தம் வழியினர் பல தொழில்களைத் தொடங்கினர். 1960இல் சக்கரங்கள் செய்யும் வீல்சு இந்தியா நிறுவனம் எழுந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி. வி. எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டி வெளிவந்து, உழவரும் சிறு வணிகரும் வாங்கும் வண்டியாயிற்று. 1982இல் சிரீசக்கரா டயர் நிறுவனம் அமைந்தது. மதுரைக்கு அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியில் இரு சக்கர வண்டிகளுக்கான டயர்கள் உருவாயின. ஆணியிலிருந்து டயரைக் காக்கத் தொடங்கிய குடும்பம் டயரையே ஆக்கும் குடும்பமாயிற்று. அவர் தொடங்கிய பேருந்துத் தொழிலை 1970களின் தொடக்கத்தில் அரசு ஏற்றுக்கொண்டது; ஆயினும் அவர் நாட்டிய ஒழுங்கு மக்கள் நினைவில் நீங்கவில்லை.

இன்று கடையநல்லூரில் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளுக்கு மாற்று டயர் வாங்கக் கடைக்குச் செல்கிறார் என்று கொள்வோம். சுந்தரம் ஐயங்காரின் வாழ்வு அவருக்கும் வழி காட்டும். ஆணி தைக்குமுன் அகற்றுவது போல, டயர் வழுக்குமுன் மாற்றுதல் வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் உண்டு. மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டோடு சமமானால், மாற்றும் காலம் வந்தது என்று பொருள். குற்றாலச் சாரல் இப்பக்கம் வீசும் திங்களிலும், ஐப்பசி மழையிலும், தெருவில் படியும் நீரை ஒதுக்கித் தரையைப் பற்றுவதற்கு உதவுவன அப்பள்ளங்களே.

அடுத்து அளவை நோக்குதல் வேண்டும். டயரின் பக்கத்தில் 100/90-17 என்பது போன்ற எண் இருக்கும். முதல் எண் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். இரண்டாவது, அகலத்தில் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டும். இறுதி எண் சக்கரத்தின் விட்டத்தை அங்குலத்தில் கூறும். வண்டி செய்தோர் குறித்த அளவே நல்லது. பார்வைக்குப் பெரிதாகத் தோன்றும் என்று அகன்ற டயரை மாட்டினால் வண்டி திரும்புவதில் இடர்ப்படும். எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். அதே பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 3224 என்றிருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என அறியலாம். கடையில் நெடுங்காலம் கிடந்த இரப்பர், ஓடாமலே முதுமை அடையும். விலை குறைவென்று அதனை வாங்குதல் கூடாது.

சுமையும் வழியும் அறிந்து டயரைத் தேர்தல் வேண்டும். மென்மையான இரப்பர் தரையை நன்கு பற்றும், விரைவில் தேயும். கடினமான இரப்பர் நெடுநாள் உழைக்கும். ஈரத்தில் பிடிப்புக் குறையும். நாள்தோறும் கடைத்தெருவில் நின்று நின்று செல்வோர்க்கு இரண்டுக்கும் இடைப்பட்டதே ஏற்றது. சேற்று வழிக்கெனச் செய்த பெரிய கட்டைகள் உடைய டயர் தார்ச்சாலையில் அதிரும். டியூப் உள்ள டயரில் ஆணி தைத்தால் காற்று விரைந்து வெளியேறும். டியூப் இல்லாத டயரில் பெரும்பாலும் மெல்லக் கசியும். ஆனால் அதற்கு ஏற்ற சக்கரம் வண்டியில் இருத்தல் வேண்டும். டியூப் உள்ள வண்டிக்குப் புது டயர் இடும்போது டியூபையும் புதிதாக மாற்றுதல் நன்று. டயரின்மேல் உள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டவேண்டும். புது டயரின் பளபளப்பு நீங்கும்வரை வண்டியை மெல்ல ஓட்டுதலும், வாரந்தோறும் ஓட்டத்துக்குமுன் காற்றின் அளவைப் பார்த்தலும் கடமையாகும்.

பெரிய தேருக்கும் சிறிய அச்சாணி இன்றியமையாதது என்று வள்ளுவர் உணர்த்தினார். உருவத்தால் சிறியது என்று ஒன்றை இகழ்ந்தவன் பெருஞ்செயலை முடிக்க இயலாது. திருக்குறுங்குடியில் பிறந்து, நிலையான ஊதியத்தைத் துறந்து, புழுதிச் சாலையில் தொழில் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார், ஓர் ஆணியையும் தேய்ந்த டயரையும் சிறியனவாக எண்ணவில்லை. அவற்றின்மேல் மனித உயிர்கள் செல்கின்றன என்பதை எண்ணினார். பொறுப்புள்ள மனிதர் எவரும் தம் வண்டியை எடுக்குமுன் ஒருமுறை குனிந்து, அதன் டயரைப் பார்ப்பாராயின், அதுவே அப்பெரியார்க்குச் செய்யும் சிறந்த வணக்கமாகும்.